நீர் வந்த வழியைச் சொல்லும் கல்

வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை வரும். 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டத்துக் கரையோர மக்களுக்கும் தகவல் போய்விடும். அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. உபரிநீரைத் திறந்துவிடும் நாளில் ஆண்டிபட்டியிலிருந்தும் சுற்றுப்பட்டிகளிலிருந்தும் ஜனம் குழந்தை குட்டிகளோடு அணைக்கு வந்துவிடும். மதகுகளுக்குக் கீழே நுரைத்துப் பொங்கும் நீரை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அவர்களுக்கு அலுப்பதில்லை. அணையை ஒட்டி ஆற்றின் இரு கரையிலும் பூங்கா இருக்கிறது. சிலைகளும் செயற்கை நீரூற்றுகளும் இருக்கின்றன. அவற்றின் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

இரண்டும் ஒரே ஆற்றுத் தண்ணீர்தான். ஒன்று ஆளை நிறுத்துகிறது, மற்றது நிறுத்துவதில்லை. அளவும் இரைச்சலும்தான் காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் மதகைவிட ஆயிரம் மடங்கு சிறிய நீரூற்றுகள் ரோம் நகரத் தெருமுனைகளில் முந்நூறு, நானூறு ஆண்டுகளாக ஆட்களை நிறுத்திவைக்கின்றன. அவற்றின் கலை எதில் இருக்கிறது, அதற்கு நம் பக்கத்தில் இணை உண்டா, உண்டென்றால் அது எங்கே என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

பரோக் என்று வழங்கும் கலைப் பாணி 17ஆம் நூற்றாண்டு ரோமில் முற்றி வளர்ந்தது. அதற்கு முந்திய மறுமலர்ச்சிக் காலக் கலை அளவும் அமைதியும் தேடியது. பரோக் அசைவைத் தேடியது. கலை வரலாற்றாசிரியர் ஹைன்ரிஷ் வோல்ஃப்லின் 1888இல் எழுதிய நூலில் இந்த வேறுபாட்டைத்தான் விரித்துப் பேசினார். கல்லில் அசைவைக் காட்டுவது சிற்பிக்குப் பெரும்பாடு. தண்ணீரோ தானே அசைவது. பரோக் சிற்பிகள் நீரூற்றை விட்டுப் பிரியாததற்கு இதைவிட எளிய காரணம் வேண்டாம்.

அழகியலை மட்டும் பேசினால் பாதி விஷயம் விட்டுப்போகும். பழைய ரோமின் மேல்நிலைக் கால்வாய்களை 537இல் நகரை முற்றுகையிட்ட கோத்தியர் உடைத்தார்கள். அதற்குப் பிறகு பல நூற்றாண்டுகள் ரோம் மக்களில் பெரும்பாலோர் டைபர் ஆற்றுக் கலங்கல் நீரையும் கிணற்று நீரையுமே குடித்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் போப்புகள் ஒவ்வொரு கால்வாயாகச் செப்பனிட்டார்கள். அக்வா வெர்ஜினே 1570இல் முழு ஓட்டத்துக்கு வந்தது; அக்வா ஃபெலிசே 1587இல், அக்வா பாவ்லா அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில். இந்தக் கால்வாய் ஒவ்வொன்றும் நகருக்குள் வந்து முடியும் இடத்தில் ஒரு பெரிய முகப்பைக் கட்டினார்கள். மலையிலிருந்து பல கல் தொலைவு யார் கண்ணிலும் படாமல் வந்த நீர் முதன்முதலாக ஊராருக்கு முகம் காட்டும் இடம் அது. பொதுமக்கள் குடத்தில் பிடித்துக்கொண்டு போன நீரும் அதுவே. அழகுக்காகத் தண்ணீர் கொண்டுவரப்படவில்லை. வந்த தண்ணீருக்கு அழகு செய்தார்கள். பின்னாளில் உலகமெங்கும் நகல் எடுக்கப்பட்ட நீரூற்றுகளில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. பம்பாயில் 1864இல் அமைந்த ஃப்ளோரா நீரூற்று கைத்திறனில் குறைந்ததல்ல. ஆனால் உச்சியில் நிற்கும் ரோமானியப் பூந்தெய்வத்துக்கும் அந்த ஊர் குடித்த தண்ணீருக்கும் எந்த உறவும் தேடினாலும் கிடைக்காது.

ரோமின் எல்லா முகப்பும் வெற்றி பெற்றதாகவும் சொல்ல முடியாது. அக்வா ஃபெலிசேயின் முடிவில் நிற்கும் மோசே சிலை, பாறையைத் தட்டி நீர் வரவழைத்த தீர்க்கதரிசி, திறந்த நாளிலிருந்தே கேலிக்கு ஆளானது. குள்ளமாகவும் தடித்தும் இருக்கிறார் என்று ஊரே சிரித்தது. பொருத்தமான கதையை எடுத்தும் உளி கைகொடுக்கவில்லை என்றால் குறியீடு காப்பாற்றாது என்பதற்கு அவர் இன்றும் அங்கே சாட்சியாக உட்காராமல் நின்றுகொண்டிருக்கிறார்.

குறையைக் கலையாக மாற்றியதுதான் பரோக் நீரூற்றுகளின் உண்மையான சாதனை என்பது என் கணிப்பு. அப்போது மோட்டார் கிடையாது. தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறதோ அந்த உயரத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் அது பீய்ச்சி எழ முடியும். அக்வா வெர்ஜினே தாழ்வான கால்வாய். ஸ்பானியச் சதுக்கத்துக்கு வந்து சேரும்போது அதற்கு எழும்பத் தெம்பில்லை. 1627 முதல் 1629 வரை அங்கே வேலை செய்த பியெத்ரோ பெர்னினி (மகன் ஜான் லொரென்சோவும் கூட இருந்தார் என்பார்கள்) நீரை மேலே துரத்தவில்லை. தரைமட்டத்துக்குக் கீழே ஒரு தொட்டியை வெட்டி, அதில் பாதி மூழ்கிய கல் படகைக் கிடத்தினார். ஓட்டைப் படகிலிருந்து வழிவதுபோல் நீர் மெல்ல வழிகிறது. அழுத்தம் குறைந்த குழாய்க்கு இதைவிடப் புத்திசாலித்தனமான பதில் இருக்க முடியாது.

அதே கால்வாயின் முடிவில்தான் உலகம் அறிந்த ட்ரெவி நீரூற்றும் இருக்கிறது. 1732இல் நிக்கோலா சால்வி வேலையைத் தொடங்கினார்; 1751இல் இறந்துபோனார்; 1762இல் வேறு கைகள் முடித்துவைத்தன. இங்கும் நீர் உயர எழாது. ஆகவே சால்வி நீரூற்றை ஓர் அரண்மனைச் சுவரின் அகலம் முழுக்கப் படரவிட்டார். நடுவில் சிப்பித் தேரில் கடல்தெய்வம் ஓசியானஸ். தேரை இழுக்கும் இரண்டு குதிரைகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒன்று கட்டுக்கு அடங்காமல் திமிறுகிறது. அதைப் பிடித்திருக்கும் ட்ரைட்டன் என்ற கடல்தேவனின் உடலே முறுக்கேறியிருக்கிறது. மற்றது சாதுவாக வருகிறது. அதன் ட்ரைட்டன் சங்கு ஊதிக்கொண்டு போகிறான். கொந்தளிக்கும் கடல், அடங்கிய கடல் என்று இதற்குப் பொருள் சொல்வார்கள். ஆற்றங்கரையில் பிறந்தவனுக்கு விளக்கமே தேவைப்படாது, வெள்ளமும் வாய்க்காலும் அவன் கண்டவைதான். இவற்றுக்கு மேலே சுவரில் இரண்டு புடைப்புச் சிற்பங்கள். ஒன்றில், கி.மு. 19இல் இந்தக் கால்வாயை முதலில் கட்டிய அக்ரிப்பா வரைபடத்தைப் பார்வையிடுகிறார். மற்றதில், தாகத்தோடு வந்த படைவீரர்களுக்கு ஒரு கன்னிப்பெண் ஊற்று இருக்கும் இடத்தைக் காட்டுகிறாள். கடல்தெய்வம் பொதுவான கற்பனை. ஊற்றைக் காட்டிய பெண்ணும் கால்வாய் கட்டிய பொறியாளனும் அந்தத் தண்ணீருக்கே உரிய வரலாறு. நாணயம் வீசிவிட்டுப் போகும் கூட்டத்தில் நூற்றில் ஒருவராவது தலைநிமிர்ந்து அந்தச் சுவரைப் பார்ப்பாரா என்பது சந்தேகம்தான்.

தமிழருக்குத் தனி அக்கறை இருக்க வேண்டிய நீரூற்று நவோனா சதுக்கத்து நான்கு ஆறுகள். போப் பத்தாம் இன்னொசென்ட்டுக்காக ஜான் லொரென்சோ பெர்னினி 1648 முதல் 1651 வரை எடுப்பித்தது. நான்கு கண்டங்களுக்கு நான்கு ஆறுகள்: ஐரோப்பாவுக்கு டான்யூப், ஆப்பிரிக்காவுக்கு நைல், அமெரிக்காவுக்கு ரியோ தெ லா பிளாட்டா, ஆசியாவுக்கு நம் கங்கை. நைல் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டிருக்கிறது. அதன் பிறப்பிடம் அன்றைய ஐரோப்பாவுக்குத் தெரியாது. பிளாட்டாவின் பக்கத்தில் காசுகள் சிதறிக் கிடக்கின்றன, அமெரிக்க வெள்ளி. கங்கை கையில் துடுப்பு. படகு செல்லத் தக்க ஆறு என்பதற்கு அடையாளம். கங்கையைச் செதுக்கியவர் கிளோட் பூசான் என்ற சிற்பி. அவர் கையில் கங்கை தாடி வைத்த, தசை முறுக்கேறிய கிழவர்! ரோமானிய மரபில் ஆறு என்றால் சாய்ந்து படுத்த முதியவர்தான். நமக்கோ கங்கை மகரத்தின் மேல் நிற்பவள். காவிரியும் வைகையும் பெண்கள். பார்த்தவுடன் சிரிப்பு வந்தாலும், ஆற்றுக்கு ஒரு முகமும் குணமும் கதையும் கொடுத்து அதைப் பொதுவிடத்தில் நிறுத்துவது என்ற எண்ணத்தில் இரு மரபுக்கும் பேதமில்லை.

இந்த நான்கு உருவங்களும் சூழ நிற்பது ஓர் எகிப்தியத் தூண். பெர்னினி அதன் அடியில் பாறையைக் குடைந்து, நான்கு பக்கமும் வெளிச்சம் ஊடுருவும்படி விட்டுவிட்டார். அவ்வளவு பாரம் வெற்றிடத்தின் மேல் நிற்பதுபோல் தோன்றும். பார்ப்பவன் வயிற்றில் ஒரு கலக்கம் வரும். தூணிலிருந்த எகிப்திய எழுத்துகளுக்கு விளக்கம் எழுதிய இயேசு சபைத் துறவி அத்தனாசியுஸ் கிர்ஷர், அது எல்லா உண்மைக்கும் மூலம் என்பதுபோல் பெரிய நூலே வெளியிட்டார். அவர் படித்துச் சொன்னது முழுக்கத் தவறு என்பது பின்னாளில் எகிப்திய எழுத்தைப் படிக்கக் கற்றபோது தெரிந்தது. தூண் மட்டும் அசையவில்லை. இதே சபையைச் சேர்ந்த ராபர்ட் தெ நொபிலி 1606இலேயே மதுரைக்கு வந்துவிட்டிருந்தார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். கங்கை நவோனாவில் கல்லான நாளில் அவர் தமிழ்நாட்டில் உயிரோடு இருந்தார்.

அதே ஆண்டுகளில் மதுரையில் என்ன நடந்துகொண்டிருந்தது? திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) 1645இல் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை வெட்டுவித்தார். ஏறத்தாழ 16 ஏக்கர். நடுவில் மைய மண்டபம். வைகையிலிருந்து பனையூர்க் கால்வாய் வழியாக நீர். தைப்பூசத்தன்று மீனாட்சியும் சொக்கரும் தெப்பத்தில் உலா வருவார்கள். சில ஆண்டுகள் கழித்து, 1652 முதல், நவோனா சதுக்கத்திலும் ஒரு வழக்கம் தொடங்கியது. ஆகஸ்ட் மாதச் சனி, ஞாயிறுகளில் நீரூற்றுகளின் வடிகாலை அடைத்துவிடுவார்கள். சற்றே குழிந்த அந்தச் சதுக்கம் முழுக்க நீர் தேங்கும். பிரபுக்கள் குதிரை வண்டிகளை அதற்குள் ஓட்டி உலா வருவார்கள்; ஏழைகள் ஓரத்தில் நின்று பார்ப்பார்கள், பிள்ளைகள் குதித்து விளையாடுவார்கள். 1866 வரை இது நடந்தது. ஒன்று பக்தி, மற்றது கோடைக்காலக் கேளிக்கை என்று பிரித்துவிடுவது சுலபம். தைப்பூசத்தன்று தெப்பக்குளப் படித்துறையில் சுண்டல் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பவர் எவரும் அப்படிப் பிரிக்கமாட்டார். இரண்டு அரசர்களும், மன்னிக்கவும், ஒருவர் போப், செய்தது ஒன்றே: தண்ணீரைத் தாம் கொண்டுவந்தோம் என்பதை விழாவாக்கினார்கள். வைகை வறண்ட ஆண்டுகளில் தெப்பம் தண்ணீரில் மிதக்காமல் நிலைத் தெப்பமாக நின்றதை மதுரைக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆறு இல்லாவிட்டால் அரசனின் கலை எதுவரை செல்லும் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

இங்கே அதிகாரம் பற்றிய கேள்வி வந்துவிடுகிறது. பரோக் கலையை அரசும் திருச்சபையும் தம் பெருமையைப் பறைசாற்றிய விளம்பரம் என்று ஒதுக்குவோர் உண்டு. அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. நான்கு ஆறுகளுக்குப் பணம் திரட்ட ரொட்டி மீது வரி விழுந்தது; அதுவும் தட்டுப்பாட்டுக் காலத்தில். தூணும் நீரூற்றும் வேண்டாம், ரொட்டி கொடுங்கள் என்ற பொருளில் ரோம் மக்கள் எழுதி ஒட்டினார்கள். ஆண்டிபட்டிப் பக்கத்து மக்களுக்கு இந்தக் குரல் புதிதாகத் தோன்றாது. 1959 ஜனவரி 21இல் வைகை அணை திறக்கப்பட்டது. அதற்குள் நீர்த்தேக்கப் பரப்பில் இருந்த ஊர்கள் காலிசெய்யப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றான மெட்டூரில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு வடுகபட்டிக்குப் பெயர்ந்த வைரமுத்து அந்த இழப்பைக் கள்ளிக்காட்டு இதிகாசம் நாவலாக்கினார். 2003இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. மதுரையின் தாகம் தீர்ந்த கதையும் மூழ்கிய ஊர்களின் கதையும் ஒரே தண்ணீரில் இருக்கின்றன. நல்ல பொதுச் சிற்பம் இரண்டையும் சொல்ல வேண்டும். பரோக் சிற்பிகள் முதலாவதை மட்டும் சொன்னார்கள், இதில் அவர்களை நாம் பின்பற்ற வேண்டியதில்லை.

பரோக்குக்கு ஆயிரம் ஆண்டு முன்பே நீரையும் கல்லையும் இணைத்துக் கதை சொன்னவர்கள் நம்மிடம் உண்டு. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தை அர்ச்சுனன் தபசு என்றே பள்ளியில் படித்தோம். விக்தர் கொலூபெவ் என்ற அறிஞர் 1914இல் இது பகீரதன் தவமும் கங்கை இறங்கியதும் என்று வாதிட்டார். வாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டு கதையும் ஒரே நேரத்தில் பொருந்தும்படி பல்லவச் சிற்பி வேண்டுமென்றே செய்தான் என்ற கருத்தும் உண்டு, எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. இரு பெரும் பாறைகளுக்கு நடுவே இயற்கையாக இருந்த பிளவை அவன் ஆறாக்கினான். பிளவில் நாகர்கள் கைகூப்பி மேலேறுகிறார்கள். மேலே தொட்டியில் நீரைத் தேக்கி விழா நாளில் திறந்துவிட்டிருக்க வேண்டும் என்பது அறிஞர் பலரின் முடிவு. நீர் வழியும்போது நாகர்களின் உடல் நெளிவதாகத் தோன்றும். யானைக் கூட்டத்தின் காலடியில், எலிகள் சூழ, முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது ஒரு பூனை. மேலே ஒற்றைக்காலில் நிற்கும் முனிவரை அது அச்சாகப் பின்பற்றுகிறது. இந்தக் குறும்பு பெர்னினிக்கு நிச்சயம் பிடித்திருக்கும்.

புதுச்சேரி பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம் ஐரோப்பிய வடிவத்தில் நம் கதை. ஆயி என்ற தாசியின் மாளிகையைக் கோயிலென்று நினைத்துக் கும்பிட்டுவிட்ட விஜயநகரத்து மேலோர் ஒருவர் கோபத்தில் அதை இடிக்கச் சொன்னதும், ஆயி தன் கையாலேயே அதை இடித்து அந்த இடத்தில் குளம் வெட்டியதும் வாய்மொழிக் கதை. 19ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் முத்திரப்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவந்தபோது, அதன் நினைவாக அவள் பெயரில் இந்த வெள்ளை மண்டபம் எழுந்தது. இன்று அதுதான் புதுச்சேரி அரசின் சின்னம். ட்ரெவியின் சுவரில் ஊற்றைக் காட்டிய பெண்ணுக்கும் ஆயிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் ஒரு நகரம் தன் குடிநீருக்கு ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வதில் இரண்டும் ஒன்று.

சிற்பியே இல்லாத பொது ஊற்றும் ஆண்டிபட்டி வட்டாரத்தில் உண்டு. தெப்பம்பட்டி அருகே வருசநாட்டு மலையடிவாரத்தில் மாவூற்று வேலப்பர் கோயில் இருக்கிறது. மரத்தடியில் சுரந்து வரும் ஊற்றில் குளித்துவிட்டுத்தான் முருகனைப் பார்க்கப் போவார்கள். பளியர்கள் கிழங்கு தோண்டும்போது தெய்வம் வெளிப்பட்டதாகத் தலக்கதை. சித்திரை முதல் நாள் கூட்டம் தாங்காது. அந்த ஊற்றுக்கு அலங்காரம் எதுவும் தேவையில்லை. நீர் பிறக்கும் இடமே அங்கே கண்ணெதிரில் இருப்பதால் வேறெதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிற்பம் தேவைப்படுவது, பிறப்பிடம் கண்ணுக்கு எட்டாத தண்ணீருக்குத்தான்.

வைகை அணைத் தண்ணீர் அப்படிப்பட்டது. அதில் ஒரு பங்கு வருசநாட்டு மலையிலிருந்து மூல வைகையாக வருகிறது. இன்னொரு பங்கு மேற்கே அரபிக் கடலுக்குப் போயிருக்க வேண்டிய பெரியாற்று நீர். 1895இல் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த அணை அதைத் திருப்பி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு அனுப்பியது. லோயர்கேம்பில் 2013இல் அவருக்கு மணிமண்டபம் எழுந்தது. பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். பொறியாளரைத் தெய்வத்துக்குப் பக்கத்தில் நிறுத்திய இந்த மக்களுக்கு அக்ரிப்பாவின் புடைப்புச் சிற்பம் சட்டென்று புரியும்.

புராணமும் தயாராக இருக்கிறது. மீனாட்சி கல்யாணத்தில் சமைத்ததையெல்லாம் தின்று தீர்த்த பூதகணம் குண்டோதரன் தாகத்தில் துடிக்க, சிவன் அவனைக் கையை வைக்கச் சொல்ல, வைகை பெருகியது. பெருவயிறும் குள்ள உருவமும் நீட்டிய கையுமாக ஒரு பூதம்! பரோக் சிற்பி எவனும் இப்படி ஒரு கதைக்கு ஏங்கியிருப்பான். விழாவும் உண்டு. சித்திரையில் கள்ளழகர் ஆற்றில் இறங்குவதற்கு வைகை அணையிலிருந்துதான் தண்ணீர் திறக்கிறார்கள். கருப்பசாமி வேடமிட்டவர்கள் ஆட்டுத்தோல் பையின் குறுகிய வாயை அழுத்தி அழகர் மீது நீரைப் பீய்ச்சுகிறார்கள். மனிதர்களே நீரூற்றாகும் அந்தக் காட்சியில் விசைமோட்டார் புகுந்தபோது எதிர்ப்பு எழுந்து, தோல்பைதான் மரபு என்று நீதிமன்றம் வரை பேசப்பட்டது. அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பது அழகியல் கேள்வியும்கூட என்பதை மதுரைக்காரர்கள் அங்கே தெரிந்தே சொன்னார்கள்.

அணைப் பூங்காவின் நீரூற்றுகள் ஆளை நிறுத்தாததற்கு விடை இதில்தான் இருக்கிறது. மோட்டார் சுழற்றும் தண்ணீர் எங்கிருந்தும் வரவில்லை, எங்கும் போகவில்லை. மின்சாரம் நின்றால் கதையும் நின்றுவிடும். மதகிலோ வருசநாட்டு மழையும் பெரியாற்றுச் சுரங்கமும் வந்து விழுகின்றன. அந்த நீர் ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை போக வேண்டியது.

பூங்காவைச் சீரமைக்கும் பேச்சு அடுத்த முறை எழும்போது, வண்ண விளக்கும் இசைக்கு ஆடும் தாரைகளும் வாங்குவதற்கு முன் நீர்வளத் துறைப் பொறியாளர்களும் மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரிக்காரர்களும் ஒருமுறை சேர்ந்து உட்கார வேண்டும். குண்டோதரனைக் கருங்கல்லில் செதுக்கட்டும். அவன் பீடத்தைச் சுற்றி நீரில் மூழ்கிய ஊர்களின் பெயர்களை வெட்டட்டும். அணைச் சுவருக்குப் பின்னால் நிற்கும் நீரின் அழுத்தத்தைக்கொண்டே, மோட்டார் இல்லாமல், ஒரே ஒரு தாரை எழும்படி குழாய் பதிக்கட்டும். அணை நிறைந்தால் தாரை உயரும், குறைந்தால் தாழும். பேருந்தில் வந்து இறங்கும் ஆண்டிபட்டி விவசாயி நீர்மட்டத்தைச் செய்தித்தாளில் தேடாமல் அங்கேயே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.